வாயில் காப்போன் நீங்கிய இரைப்பை

உணவுக் கால்வாயிலே இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் ஓர் ஒடுங்கிய வாயில் உண்டு. தடித்த தசைவளையம் ஒன்று அதனைச் சூழ்ந்திருக்கின்றது. இரைப்பையில் அரைபட்ட உணவைச் சிறிது சிறிதாகக் குடலுக்குள் விடுவதும், குடலில் உள்ளது மேலேறிவிடாதவாறு தடுப்பதும் அதன் தொழில். பண்டைக் கிரேக்கர் இதனைப் 'பைலோரசு' என்று வழங்கினர். வாயில் காப்போன் என்பது அச்சொல்லின் பொருள். இரைப்பை நோய்கள் பலவற்றிற்கு மூலகாரணம் என்று இந்நாளிற் கண்டறியப்பட்டுள்ள எலிக்கோபற்றர் பைலோரி என்னும் பற்றீரியாவின் பெயரிலும் இவ்வாயில் காப்போனே இடம்பெற்றுள்ளான். சத்திரவைத்தியர் புண்ணுக்காகவோ புற்றுக்காகவோ இரைப்பையை அறுக்கும்போது பெரும்பாலும் இழக்கப்படுபவனும் அவனே. காவல் நீங்கியபின் எஞ்சிய இரைப்பையில் நிகழ்வன யாவை என்பதை ஈண்டு நோக்குவோம்.

வாயிலின் இருபுறத்தும் இருவேறு ஆட்சிகள் நடைபெறுகின்றன. இப்புறத்தில் இரைப்பை ஐதரோக்குளோரிக்கமிலத்தைச் சுரந்து, உணவோடு வரும் நுண்ணுயிர்களிற் பெரும்பகுதியை அழித்துவிடுகின்றது. அப்புறத்தில் ஈரலிலிருந்து நாளொன்றுக்கு அரை இலீற்றர் முதல் ஓர் இலீற்றர் வரையான பித்தநீரும், சதையியின் சாறும் முன்சிறுகுடலில் வந்து வீழ்கின்றன. பித்தநீரிலுள்ள அமிலங்களின் இயல்பு சவர்க்காரத்தின் இயல்பை ஒத்தது. கொழுப்பைக் கரைப்பதே அவற்றின் வேலை. குடலின் சீதமென்சவ்வு அதனைத் தாங்குமாறு அமைந்துள்ளது. இரைப்பையின் சவ்வோ தன் அமிலத்தைத் தாங்குமேயன்றிப் பித்தத்தை நெடுங்காலந் தாங்காது. கலங்களின் சுவரே கொழுப்புப் பொருளால் ஆயது என்பதை நினைவிற்கொண்டால் இதன் காரணம் எளிதில் விளங்கும். உடல்நலம் உடையவரிடத்தும் ஒரோவழிப் பித்தம் மேலேறுவதுண்டு. ஆயினும் அது விரைவில் கீழே தள்ளப்பட்டுவிடுவதால் தீங்கு விளைவதில்லை.

இரைப்பையை அறுத்து நோயாளியைப் பிழைக்கவைத்த முதற்பெருமை வியன்னா நகரத்துப் பேராசிரியர் தியோடர் பில்ரோத்துக்கு உரியது. பாரிசில் 1879இலும் அதனை அடுத்த ஆண்டிற் போலந்து நாட்டு வைத்தியர் ஒருவராலும் செய்யப்பட்ட முயற்சிகள் நோயாளிகளின் மரணத்தில் முடிந்திருந்தன. 1881ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள், வாயிற்புறத்தில் புற்று வளர்ந்து உணவு இறங்காது மெலிந்திருந்த 43 வயதுப் பெண் ஒருவருக்குப் பில்ரோத் அப்பகுதியை வெட்டியகற்றி, எஞ்சிய இரைப்பையை முன்சிறுகுடலோடு பொருத்தித் தைத்தார். அப்பெண் சிகிச்சையிலிருந்து தேறி உணவுண்டார். எனினும் புற்று முன்னரே பரவியிருந்தமையால் ஏறத்தாழ நான்கு மாதங்களில் இறந்தார். 1885இல் பில்ரோத் மற்றொரு முறையைக் கையாண்டார். முன்சிறுகுடலின் வெட்டுவாயை மூடிவிட்டு, இரைப்பையை அதற்கு அப்பாலுள்ள இடைச்சிறுகுடலோடு இணைப்பது அம்முறை. இதிலே கவனிக்கத்தக்கது யாதெனில், மூடப்பட்ட முன்சிறுகுடலில் வந்து விழும் பித்தநீர் முழுவதும் கீழே செல்லவேண்டுமாயின் இரைப்பையின் புதிய வாயிலைக் கடந்தே செல்லவேண்டும். வாயில் காப்போன் இல்லாத வாயில் அது. பித்தம் இரைப்பையினுள் தாராளமாகப் புகுந்தது.

புற்றுக்காகத் தோன்றிய இச்சிகிச்சை பின்னர்ப் புண்ணுக்காகவே மிகுதியும் செய்யப்படலாயிற்று. சித்தமருத்துவ நூல்கள் எண்வகைக் குன்மம் எனப் பேசுவனவற்றுட் சில, இந்நாளைய வைத்தியர் குடற்புண் என்று கூறும் நோயே ஆதல் கூடும். தமிழரும் பிற தென்னாட்டவரும் இந்நோயால் மிகவும் வருந்தினர். இந்திய இரயில்வேயில் மருத்துவராயிருந்த எஸ். எல். மல்கோத்திரா 1960களிலே இரயில்வே ஊழியரை ஆராய்ந்து, ஒரே தொழிலைச் செய்வோருள்ளும் தென்னிந்தியரிடத்து முன்சிறுகுடற்புண் வடஇந்தியரிடத்திலும் மிக அதிகம் எனக் காட்டினார். வடவர் கோதுமை உரொட்டியை நன்கு மென்று உண்பதால் உமிழ்நீர் மிகுந்து புண்ணைத் தடுக்கின்றது என்பது அவர் கொண்ட கருத்து. மைசூரிற் பல்லாண்டு பணிபுரிந்த ஆங்கிலச் சத்திரவைத்தியர் பிராங்கு தோவி, அரிசியைத் தீட்டும்போது நீங்கிவிடும் தவிட்டுக் கொழுப்பிலே பாதுகாப்புப் பொருளைத் தேடினார். இவ்விளக்கங்கள் முற்றும் நிலைபெறவில்லை. ஆயினும் அரிசி உண்ணும் நாட்டில் இருந்துகொண்டு இவ்வளவு கூர்ந்து நோக்கியவர்களை மறத்தல் நன்றன்று.

அக்காலத்திற் குடற்புண்ணைத் தீர்க்க வல்ல மருந்து இல்லை. அமிலத்தை அடக்கும் சிமெற்றிடீன் என்னும் மருந்து 1976இலேதான் வழக்கிற்கு வந்தது. அதற்கு முன்னர், சிகாகோ நகரத்து இலெஸ்ரர் திராக்ஸ்தெத் 1943இல் தொடக்கிவைத்தவாறு, அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகசு நரம்பை அறுப்பதும், உணவு இறங்குதற்காக இரைப்பையைக் குடலோடு இணைத்துவிடுவதும், அல்லது இரைப்பையின் கீழ்ப்பாதியையே நீக்குவதும் தென்னாட்டுப் பெரிய வைத்தியசாலைகளில் அன்றாட நிகழ்ச்சிகளாயின. வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் நீண்ட தழும்பு அச்சிகிச்சையின் அடையாளம். 1970களில் இளைஞராயிருந்து அத்தழும்பைப் பெற்றவர்கள் இன்று எழுபதைக் கடந்த முதியோர். இக்கட்டுரை கூறும் செய்தி முதன்மையாக அவர்களைப் பற்றியது.

புண்ணுக்காக அறுக்கப்பட்ட இரைப்பையின் எஞ்சிய பகுதியிலே பல்லாண்டு கழித்துப் புற்று தோன்றக் கூடும் என்பதை 1922ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த தொனால்ட் பல்பர் எடுத்துக்காட்டினார். பின்வந்தோர் ஆயிரக்கணக்கான நோயாளிகளைத் தொடர்ந்து நோக்கி, அவ்வாபத்து உடனே தோன்றுவதன்று, பதினைந்து இருபது ஆண்டுகள் சென்றபின் மெல்ல உயர்வது எனக் கண்டனர். புற்று பெரும்பாலும் தோன்றுமிடம் இரைப்பையும் குடலும் இணைக்கப்பட்ட விளிம்பை அடுத்துள்ள பகுதி. பித்தம் முதலில் வந்து மோதும் இடமும் அதுவே.

ஈண்டு ஒரு வியப்பு உண்டு. முன்சிறுகுடற்புண் உடையவருக்கு இரைப்பைப் புற்று இயல்பாகவே அரிது. சுவீடன் நாட்டிலே வைத்தியசாலைகளிற் சேர்ந்த 57,936 புண்நோயாளரைப் பின்தொடர்ந்து 1996இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி, இரைப்பைப்புண் உடையவரிடத்துப் புற்று எதிர்பார்க்கத்தக்க அளவினும் 1.8 மடங்காகவும், முன்சிறுகுடற்புண் உடையவரிடத்து 0.6 மடங்காகவும் இருக்கக் கண்டது. காரணம் அமிலம். முன்சிறுகுடற்புண் மிகுந்த அமிலத்தால் வருவது. அமிலம் மிகுந்த இரைப்பையிற் சவ்வு நலிந்து மெலிவதில்லை. ஆகவே, அந்நோயாளி வலியைத் தந்த அமிலத்தாலேயே ஒரு பெரிய ஆபத்தினின்று காக்கப்பட்டிருந்தார் எனலாம். சத்திரவைத்தியர் வலியை நீக்குதற்கு அமிலத்தை நீக்கினார். அதனோடு அக்காவலும் போயிற்று. இதனைச் சத்திரவைத்தியரின் பிழையாகக் கருதுதல் முறையன்று. புண் துளைத்தும் குருதி பெருகியும் சாகவேண்டியவர்கள் அச்சிகிச்சையால் முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தனர்.

இனி, புற்று உண்டாகும் வழியை நோக்குவோம். கொலொம்பியாவிற் பிறந்த நோயியலறிஞர் பெலாயோ கொறெயா 1975இல் அவ்வழியைப் படிப்படியாக வகுத்துக்காட்டினார். முதலில் அழற்சி, பின்னர்ச் சுரப்பிகள் அழிந்து சவ்வு மெலிதல், அதன்பின் இரைப்பைச் சவ்வு தன் இயல்பை இழந்து குடற்சவ்வின் தோற்றத்தை எய்துதல், பின்னர்க் கலங்களின் ஒழுங்கு குலைதல், இறுதியிற் புற்று. இப்பயணம் பல பத்தாண்டுகள் கொண்டது; எல்லோரும் முடிவுவரை செல்வதுமில்லை. பித்தம் மேலேறிவரும் இரைப்பையிலே மூன்றாம் படியாகிய குடற்றன்மை எய்துதல் எளிதில் நிகழ்கின்றது. பித்தத்தில் இடையறாது தோயும் சவ்வு, பித்தத்தைத் தாங்கவல்ல குடலின் வடிவத்தை மேற்கொள்கின்றது என்று இதனைக் கொள்ளலாம். எலிகளிலே எந்த நச்சுப்பொருளும் ஊட்டாது, பித்தமும் சதையிச்சாறும் இரைப்பைக்குள் வருமாறு அறுத்து இணைத்துவிட்ட அளவிலேயே சிலவற்றிற்குப் புற்று தோன்றியதையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

பித்தத்தின் மீதே பழி முழுவதும் சுமத்தப்பட்டிருந்த காலத்தில், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே வேறொரு செய்தி வெளிவந்தது. அரச பேர்த் வைத்தியசாலை நோயியலறிஞர் ரொபின் வொறன் 1979 முதல் அழற்சியுற்ற இரைப்பைச் சவ்விலே வளைந்த பற்றீரியாக்களைக் கண்டுவந்தார். அமிலத்தில் எக்கிருமியும் வாழாது என்பது அந்நாளைய பாடநூற் கொள்கை. இளைஞரான பரி மார்ஷல் அவரோடு சேர்ந்து அதனை வளர்க்க முயன்றார், பலமுறை முடியவில்லை. 1982இல் உயிர்த்த ஞாயிறு விடுமுறையின்போது வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தினும் நீண்ட நாள் அடைகாப்பானில் விடப்பட்டன, கிருமி வளர்ந்திருந்தது. 1984இல் மார்ஷல் தாமே அதனைக் குடித்து இரைப்பை அழற்சியை வருவித்துக்கொண்டார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1994ஆம் ஆண்டிலேயே உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு இக்கிருமியை மனிதரில் உறுதியாகப் புற்றை விளைப்பனவற்றின் வரிசையிற் சேர்த்திருந்தது. யப்பானிலே 1,526 நோயாளரைச் சராசரி 7.8 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி 2001இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி மிகத் தெளிவானது: கிருமி உடைய 1,246 பேரில் 36 பேருக்குப் புற்று தோன்றியது, கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கேனும் தோன்றவில்லை.

ஆயின், அறுக்கப்பட்ட இரைப்பையிற் குற்றவாளி பித்தமா, கிருமியா? இவ்வினாவுக்கு விடை நேரானதன்று. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகை. பித்த அமிலங்கள் எலிக்கோபற்றரை அழிப்பன. பித்தம் மிகுதியாகப் புகும் பில்ரோத்தின் இரண்டாம் முறையிற் சிகிச்சை பெற்றோரின் எஞ்சிய இரைப்பையில் ஆண்டுகள் செல்லச்செல்லக் கிருமி அருகிப்போகின்றது. சுவிற்சர்லாந்தின் சீசர் றூ 1890களில் வகுத்த முறைப்படி, பித்தம் வரும் குடலை இரைப்பையினின்று தொலைவிலே கொண்டுபோய் இணைத்தவர்களிடத்துப் பித்தம் அரிது. கிருமியோ நிலைத்திருப்பது கூடுதல். ஒரு பகைவனை விலக்கினால் மற்றவன் தங்குகின்றான். இதனால் பித்தம் நன்மை செய்கின்றதெனக் கருதுதல் தவறு. கிருமி அழற்சியையும் மெலிவையும் முன்னரே விளைத்துவிட்ட சவ்வின்மீது பித்தம் வந்து படும்போது கலங்கள் பெருகும் வேகம், ஒன்று தனித்திருக்கும்போது காண்பதினும் மிகுகின்றது. அன்றியும், குடற்றன்மை எய்திய சவ்விலே எலிக்கோபற்றர் வாழ்வதில்லை. ஆகவே முதிய நோயாளியிற் கிருமி காணப்படவில்லை என்பது, அக்கிருமி ஒருபோதும் இருந்ததில்லை என்பதற்குச் சான்றாகாது. வயலை அழித்தபின் வெட்டுக்கிளி பறந்துபோயிருக்கலாம்.

மூன்றாவது ஒரு கூட்டமும் உண்டு. அமிலம் குறைந்த இரைப்பையிலே வாயிலிருந்தும் குடலிலிருந்தும் பலவகைப் பற்றீரியாக்கள் வந்து குடியேறுகின்றன. இவற்றுட் சில பித்த அமிலங்களைச் சிதைத்து மேலும் கொடியனவாக மாற்றுகின்றன. சில உணவிலும் நீரிலுமுள்ள நைத்திரேற்றை நைத்திரைற்றாக்குகின்றன. நைத்திரைற்று, புரதச் சிதைவுப் பொருள்களோடு கூடிப் புற்றை விளைக்கவல்ல நைத்திரசோச் சேர்வைகளைத் தோற்றுவிக்கும். புத்தளம் மாவட்டத்தவர் இதனைச் சற்று ஊன்றி நோக்குதல் தகும். கற்பிட்டித் தீபகற்பத்தின் மணல் நிலத்திலே வெங்காயமும் மிளகாயும் பிறவும் செறிவாகப் பயிரிடப்படுகின்றன. இடப்படும் உரத்தின் ஒரு பகுதி மணலினூடாக இறங்கி நிலத்தடி நீரைச் சேர்கின்றது. அங்குள்ள கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் உலகச் சுகாதார நிறுவன எல்லையை மீறியிருப்பது ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தின் கிணறுகளுக்கும் இதே குறை உண்டு. அந்நீரால் இன்னார்க்குப் புற்று வந்ததென்று எவரும் நிறுவியதில்லை. அவ்வாறு கூறி மக்களை அச்சுறுத்துவதும் தகாது. எனினும் உடம்பினுள் நைத்திரசோச் சேர்வை உண்டாகும் நிலையில் உட்கொள்ளப்படும் நைத்திரேற்றும் நைத்திரைற்றும் புற்றை விளைத்தல் கூடும் என்று மேற்கூறிய ஆராய்ச்சிப் பிரிவே மதித்துள்ளது. அமிலம் இழந்த இரைப்பை அந்நிலைக்கு ஏற்ற இடம்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். புத்தளம் உப்பளங்களை அறியாதார் இலங்கையில் இலர். நகரை அடுத்த தில்லையடி முதல் கற்பிட்டிக் கரை வரையுள்ள வீடுகளிற் கருவாடு அன்றாட உணவு. மிகுந்த உப்பு இரைப்பையைப் போர்த்தியுள்ள சீதப்படலத்தைக் கெடுத்துக் கிருமியின் வேலையை எளிதாக்குகின்றது. யப்பானிலும் கொரியாவிலும் இந்நோய் மிகுந்தமைக்கு உப்பிட்டுப் பதப்படுத்திய உணவும் ஒரு காரணம் என்பர். ஆயினும் இலங்கையில் இரைப்பைப் புற்று அரிதாகவே உள்ளது. கருவாடு ஒன்றினாலேயே இந்நோய் வருமாயின் இக்கரையோரம் முழுவதும் நோயாளிகள் நிறைந்திருக்கவேண்டும். இலங்கையில் எலிக்கோபற்றர் தொற்றும் அயல் நாடுகளை நோக்கக் குறைவு என்பதை இங்கே நினைத்தல் வேண்டும்.

தமிழரைப் பொறுத்தவரை இன்னும் தீராத புதிர் ஒன்று இருக்கின்றது. கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர்கள் தம் நாட்டு மூவினத்தவரை ஒப்பிட்டபோது, தமிழரே பெரும்பான்மையினராயுள்ள இந்தியரிடத்துக் கிருமி மிகுதியாயிருந்தது. இரைப்பைப் புற்றோ சீனரிடத்தே மிகுதி. கிருமியின் வகை, உணவு, பிறப்பியல்பு என்று பல காரணம் கூறப்படுகின்றன. ஆயினும் தமிழர் யாவரும் காக்கப்பட்டவர் என்று எண்ணிவிடலாகாது. சென்னை அடையாற்றில் 1954இல் தொடங்கப்பெற்ற புற்றுநோய் நிலையம் 1982 முதல் நடத்திவரும் நகரப் பதிவேட்டிலே, அதன் முதற் பத்தாண்டுகளில் ஆடவர் புற்றுக்களுள் முதலிடம் பெற்றிருந்தது இரைப்பைப் புற்றே.

புற்றுக்காகவே இரைப்பை அறுக்கப்பட்டவர்களின் நிலை சற்று வேறு. அவர்களுடைய எஞ்சிய சவ்வு முன்னரே கெட்டுப்போயிருப்பதால் இரண்டாம் புற்று இருபது ஆண்டுகள் காத்திராது. சில ஆண்டுகளிலேயே தோன்றலாம். இங்கே கிருமியை ஒழிப்பதாற் பயன் உண்டா? யப்பானிலே தொடக்கநிலைப் புற்றை அகநோக்குக் குழாய் வழியாகச் சுரண்டி எடுக்கப்பெற்ற 544 பேரை இரு சம கூறாக்கி, ஒரு கூறினருக்குக் கிருமியை ஒழிக்கும் மருந்து கொடுத்தனர். மூன்றாண்டில் மருந்து பெற்றோருள் 9 பேருக்கும் பெறாதோருள் 24 பேருக்கும் புதிய புற்று தோன்றியது. இது 2008இல் வெளிவந்தது. 2018இற் கொரியர் வெளியிட்ட ஆராய்ச்சியிலும் மருந்து பெற்றோரிடத்து நூற்றுக்கு 7.2, பெறாதோரிடத்து 13.4 என்ற வேறுபாடு காணப்பட்டது. முதிர்ந்து மெலிந்த சவ்விலும் கிருமியை நீக்குதல் வீண்வேலை அன்று என்பதை இவை காட்டின. பித்தத்தை நீக்கும் மருந்து இல்லை. றூவின் முறை பித்தம் ஏறுவதையும் அதனால் வரும் எரிவையும் வாந்தியையும் குறைக்கும். புற்றையும் குறைக்கும் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

நடைமுறையில் இதனாற் கொள்ளவேண்டியது அதிகமில்லை, ஆயினும் இன்றியமையாதது. வயிற்றில் அப்பழைய தழும்பு உடைய முதியவர் ஒருவர் உணவை வெறுத்து மெலிவாராயின், வாந்தி எடுப்பாராயின், குருதிச்சோகை உற்று வெளிறுவாராயின், அதனைப் பழைய குடற்புண் என்றோ வாயு என்றோ வீட்டார் தள்ளிவிடுதல் கூடாது. குருதிச்சோகை, அமிலம் இழந்ததால் இரும்பும் பி12 விற்றமினும் போதிய அளவு உறிஞ்சப்படாமையாலும் வரக்கூடும். எது காரணம் என்பதை அகநோக்குக் குழாயிட்டுப் பார்த்து, சவ்வின் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தே துணியலாம். கிருமியை அறியும் மூச்சுச் சோதனை, அறுக்கப்பட்ட இரைப்பையில் நம்பத்தக்கதன்று. கரைசல் தங்காது உடனே குடலுக்கு இறங்கிவிடுவதும், வேறு பற்றீரியாக்கள் அங்கே குடியிருப்பதும் அதனைப் பிறழச்செய்யும். சிகிச்சை நிகழ்ந்த ஆண்டையும், இரைப்பை எம்முறையில் இணைக்கப்பட்டது என்பதையும் குறிக்கும் பழைய வைத்தியசாலைச் சீட்டு வீட்டிலே எங்கேனும் இருப்பின் அதனை உடன்கொண்டு செல்வது நன்று. குழாயைச் செலுத்தும் வைத்தியர் இரைப்பையில் எத்தனை வாயில்களை எதிர்பார்க்கவேண்டும், எந்த விளிம்பை ஊன்றி நோக்கவேண்டும் என்பதை அச்சீட்டினின்றே முன்கூட்டி அறிவார்.